மாடல் விமானத்தில் எஞ்சின்: ஊசியைத் திருகுமுன் பார்க்க வேண்டியவை

புது எஞ்சின் தரையில் அருமையாக ஓடும். ஓடுதளத்தை விட்டு எழும்பி, மூக்கை நிமிர்த்தி ஏற ஆரம்பித்ததும் சத்தம் மெலியும். ஒரு இருமல், அவ்வளவுதான், அணைந்துவிடும். விமானத்தை எப்படியோ இறக்கிக்கொண்டு வந்தவரின் கை நேராக, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியான நிடில் வால்வுக்குத்தான் போகும். இரண்டு கிளிக் திறந்துவிட்டு மறுபடி ஏற்றுவார், மறுபடி அணையும். பிளக்கை மாற்றுவார், எரிபொருளை மாற்றுவார், கடைசியில் எஞ்சினே மட்டம் என்று முடிவு கட்டுவார். இப்படி மூலையில் போடப்பட்ட எஞ்சின்கள் பலவற்றில் ஒரு குறையும் இருக்காது. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் அரையடிக் குழாயில்தான் கோளாறு இருக்கும். இல்லையென்றால் டேங்க் உட்கார்ந்திருக்கும் உயரத்தில், அல்லது மெல்லத் தளர்ந்துகொண்டிருக்கும் ஒரு போல்ட்டில். அதனால் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது பற்றி அளவாகவும், பொருத்துவது பற்றி நிறையவும் இங்கே சொல்கிறோம்.

எந்த அளவு எஞ்சின்?

தீப்பொறிக்குப் பதில் கனலும் கம்பியால் மெத்தனாலை எரிக்கும் க்ளோ எஞ்சின்களின் மேல் 25, 40, 46, 61 என்று இருக்கும் எண்கள் கன அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு. ஒரு கன அங்குலம் 16.4 சி.சி. என்பதால் 46 என்றால் ஏறக்குறைய 7.5 சி.சி., 61 என்றால் 10 சி.சி. ‘40 அளவு டிரெய்னர்’ என்று சொல்லப்படும், பழகுவதற்கான மாடல் பொதுவாக 1.5 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்கை அகலமும் 2.3 முதல் 2.7 கிலோ வரை எடையும் கொண்டது. அதற்கு 40 முதல் 46 வரையிலான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் போதும். ஃபோர்-ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் 52 முதல் 56 வரை. ஒரே கொள்ளளவில் ஃபோர்-ஸ்ட்ரோக் தரும் சக்தி குறைவு என்பதால்தான் ஒரு படி மேலே போகிறோம். பதிலுக்கு, பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்றும், எரிபொருள் குறைவாகக் குடிக்கும், சத்தமும் காதுக்கு இதமாக இருக்கும். வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்கும் வேலை மட்டும் கூடுதல்.

மாடலின் கையேட்டில் ‘40–46’ என்று போட்டிருந்தால் 46-ஐ வாங்குங்கள். ‘கொஞ்சம் கூடுதல் சக்தி இருக்கட்டுமே’ என்று 61-ஐ மாட்டாதீர்கள். மூக்கில் கூடும் எடையைச் சமன் செய்ய வாலில் ஈயம் வைப்பீர்கள், எடை கூடியதால் தரையிறங்கும் வேகம் கூடும், அந்த அதிர்வைத் தாங்க, எஞ்சினைப் பிடித்திருக்கும் முன்பலகையான ஃபயர்வாலைப் பலப்படுத்த வேண்டியிருக்கும். கடைசியில் முன்னைவிட மோசமாகப் பறக்கும் விமானம்தான் மிஞ்சும். சக்தி போதுமா என்று சந்தேகம் வந்தால் அளந்துவிடலாம். விமானத்தின் வாலை ஒரு வில் தராசில் கட்டி, முழுத் த்ராட்டிலில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். டிரெய்னருக்கு மொத்த எடையில் பாதிக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். சாகசப் பறப்புக்கு எடையும் இழுவையும் சமமாக இருக்க வேண்டும். புரொப்பல்லரில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டுமானால் எடையைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வேண்டும்.

க்ளோவா பெட்ரோலா என்பது அடுத்த கேள்வி. க்ளோ பிளக்கை ரே ஆர்டன் 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து சிறிய எஞ்சின்களில் இக்னிஷன் காயிலும் பேட்டரியும் தேவையில்லாமல் போய்விட்டன. பிளக்கிலுள்ள பிளாட்டினம் கம்பி மெத்தனாலோடு சேரும்போது தானாகவே கனன்றுகொண்டிருக்கும். கிளப்பும்போது மட்டும் 1.5 வோல்ட் கொடுத்துச் சூடாக்கினால் போதும், பிறகு எரிதலே அதைச் சூடாக வைத்துக்கொள்ளும். பெட்ரோலில் இந்த வினை நடக்காது. அதற்குத் தீப்பொறிதான் வேண்டும். எனவே பெட்ரோல் எஞ்சினை எடுத்தால் இக்னிஷன் பெட்டி, அதற்கொரு பேட்டரி, தூரத்திலிருந்து அணைக்கும் கில் சுவிட்ச் எல்லாம் கூடவே வரும். 20 சி.சி.க்கு மேற்பட்ட மாடல்களில் எரிபொருள் செலவு மிச்சமாவதால் இந்தச் சுமை தகும். 40 அளவு மாடலில் தகாது என்பது எங்கள் கணிப்பு. முதல் விமானத்துக்கு 46 டூ-ஸ்ட்ரோக் க்ளோவே நல்லது.

ஃபயர்வால்

எஞ்சினும் மஃப்ளரும் சேர்ந்து அரைக் கிலோ. நிமிடத்துக்குப் பதினோராயிரம் முறை அதிரும் அந்த அரைக் கிலோவைத் தாங்குவது 6 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று. பாதி கட்டி வரும் மாடல்களில் இந்தப் பலகையின் ஒட்டு சில சமயம் பெயருக்குத்தான் இருக்கும். பக்கவாட்டுச் சுவர்களோடு சேரும் மூலைகளை உள்ளிருந்து விளக்கடித்துப் பாருங்கள். பசை வழிந்து காய்ந்த கோடு தெரியாவிட்டால் 30 நிமிட எபாக்ஸியை மூலை நெடுக ஓடவிட்டு, பால்சா என்ற மென்மரத்தின் முக்கோணக் கட்டையை வைத்து அழுத்துங்கள். வெளியிலிருந்து பக்கத்துக்கு மூன்றாக 3 மி.மீ. துளையிட்டு, மரக்குச்சியை எபாக்ஸியில் தோய்த்துச் செருகினால் அந்தப் பலகை இனி அசையாது. 5 நிமிட எபாக்ஸி இந்த இடத்துக்கு ஆகாது. வெப்பத்திலும் எண்ணெயிலும் சீக்கிரம் தளர்ந்துபோகும்.

துளைகள் எல்லாம் போட்டு முடித்த பிறகு முழு முகப்பையும், டேங்க் அறையின் உட்பக்கத்தையும் சேர்த்து, ஸ்பிரிட் கலந்து நீர்க்கவைத்த எபாக்ஸியை பிரஷ்ஷால் பூசுங்கள். துளைகளின் உள்விளிம்பை விட்டுவிடாதீர்கள். எண்ணெய் அங்கேதான் முதலில் இறங்கும். எண்ணெய் ஊறிய பிளைவுட்டில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது.

மவுண்ட்டும் இழுகோணமும்

எஞ்சினை ஃபயர்வாலோடு இணைக்கும் தாங்கிதான் மவுண்ட். கண்ணாடி இழை கலந்த நைலான் மவுண்ட் 40–60 அளவுக்குச் சரியாக இருக்கும். ஃபயர்வாலில் பிடிக்க நான்கு 4 மி.மீ. போல்ட், பின்பக்கம், மரத்தில் பதிந்து நிற்கும் பிளைண்ட் நட். நட்டைச் சுத்தியால் அடித்து இறக்காதீர்கள், சாய்ந்து உட்காரும். போல்ட்டில் ஒரு பெரிய வாஷரைப் போட்டு முன்பக்கத்திலிருந்து முறுக்கினால் நட் நேராக மரத்தில் பதியும். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு துளி எபாக்ஸி வையுங்கள். மரைக்குள் எபாக்ஸி போகாமலிருக்க முன்கூட்டியே போல்ட்டில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினை நேராக முன்னோக்கி வைத்தால் விமானம் நேராகப் பறக்காது. புரொப்பல்லரின் சுழற்காற்றும் எதிர்முறுக்கும் மூக்கை இடப்பக்கம் இழுக்கும். அதனால் எஞ்சினை 2 பாகை வலப்பக்கம் திருப்பி வைக்கிறோம். உயர்ந்த இறக்கை டிரெய்னரில் த்ராட்டிலைக் கூட்டும்போதெல்லாம் மூக்கு மேலே எழும். அதற்காகக் கீழ்ப்பக்கமும் 2 அல்லது 3 பாகை. சில மாடல்களில் ஃபயர்வாலே இந்தச் சாய்வோடு ஒட்டப்பட்டு வரும். அதைக் கவனிக்காமல் இன்னொரு 2 பாகையைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு, முதலில் அளந்து பாருங்கள்.

வலப்பக்கம் என்பது விமானியின் வலப்பக்கம். நீங்கள் ஃபயர்வாலைப் பார்த்து எதிரே நிற்கும்போது அது உங்கள் இடக்கைப் பக்கம் வரும். இதில் குழம்பி நேர் எதிராகச் சாய்த்துவிட்ட எஞ்சின்கள் நிறைய உண்டு. விமானியின் இடப்பக்க போல்ட்கள் இரண்டிலும், மவுண்ட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே வாஷர் வைத்தால் எஞ்சின் வலப்பக்கம் திரும்பும். எத்தனை வாஷர்? போல்ட்களுக்கு இடையே 45 மி.மீ. என்றால் 2 பாகைக்கு 1.6 மி.மீ. தேவை. சாதாரண 4 மி.மீ. வாஷரின் தடிமன் 0.8 மி.மீ. அதாவது இரண்டு வாஷர், கணக்கு கச்சிதமாக முடிந்துவிடும். கீழ்ச்சாய்வுக்கும் இதே வழிதான், மேல் போல்ட்களில் வைக்க வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எஞ்சினைத் திருப்பினால் புரொப்பல்லர் அச்சும் நடுவிலிருந்து விலகும். ஃபயர்வாலிலிருந்து புரொப்பல்லர் உட்காரும் தட்டு வரை 115 மி.மீ. இருந்தால், 2 பாகையில் அது 4 மி.மீ. வலப்பக்கம் நகர்ந்துவிடும். எஞ்சினை மூடும் உறையான கவ்லிங்கை மாட்டும்போதுதான், புரொப்பல்லரின் நடுவிலுள்ள கூம்பான ஸ்பின்னர் அதன் ஓட்டையின் நடுவில் இல்லை என்பது தெரியவரும். ஆகவே துளை போடும்போதே மவுண்ட்டின் நடுக்கோட்டை 4 மி.மீ. இடப்பக்கம் தள்ளிக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சிலால் இரண்டு கோடு போடும் வேலைதான். பின்னால் செய்ய வேண்டியிருந்தால் பழைய துளைகளை அடைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

எஞ்சினை மவுண்ட்டின் மேல் எவ்வளவு முன்னால் வைப்பது என்பதைக் கடைசிவரை முடிவு செய்யாதீர்கள். ரேடியோ, பேட்டரி, டேங்க் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, எஞ்சினை ரப்பர் பேண்டால் கட்டி, காலி டேங்கோடு ஈர்ப்பு மையத்தைப் பாருங்கள். அரைக் கிலோ எஞ்சினை 10 மி.மீ. நகர்த்துவதும், 100 கிராம் பேட்டரியை 50 மி.மீ. நகர்த்துவதும் ஒன்றுதான். வாலில் சேரும் எடை இதைவிடப் பொல்லாதது. மூக்கு மையத்திலிருந்து 250 மி.மீ., வால் 700 மி.மீ. என்றால், வாலில் கூடும் 20 கிராமுக்கு மூக்கில் 56 கிராம் ஈயம் வைக்க வேண்டும். இடம் முடிவானதும், எஞ்சினின் இருபக்கமும் நீண்டிருக்கும் காதுகளின் துளைக்குச் சரியாக நுழையும் டிரில் முனையைக் கையால் சுழற்றிப் புள்ளி வையுங்கள். 4 மி.மீ. மரை எடுக்க 3.3 மி.மீ. துளை. நைலானில் டிரில் முனை வழுக்கிச் சாயும், ஸ்டாண்டில் பொருத்திய டிரில் கிடைத்தால் அதிலேயே போடுங்கள். மரையைவிட நம்பகமானது ஊடுருவிப் போகும் போல்ட்டும் கீழே நைலான் பூட்டுள்ள நட்டும்.

டேங்க்

பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. 46-க்கு 300 மி.லி. டேங்க் போதும். இதைவிடப் பெரிய டேங்கை வைப்பதால் லாபமில்லை. பறக்கும்போது எடை மாறுவதும், நிறைந்த டேங்குக்கும் காலி டேங்குக்கும் உள்ள உயர வித்தியாசமும்தான் கூடும்.

டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் நிடில் உயரத்துக்கு 6 முதல் 10 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் நிறைந்த டேங்க் எஞ்சினுக்குள் தானாக வழிந்து மூழ்கடிக்கும். தாழ்வாக இருந்தால் டேங்க் காலியாகக் காலியாக எஞ்சின் லீனாகும், அதாவது எரிபொருள் குறைந்து காற்று கூடும். எஞ்சினைத் தலைகீழாக மாட்டினால் நிடிலும் கீழே இறங்கும். டேங்கையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் ‘தலைகீழ் எஞ்சின் என்றாலே தொல்லை’ என்கிறார்கள். முன்பின் தூரத்தில் டேங்க் எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. விமானம் செங்குத்தாக ஏறும்போது அந்த இடைவெளி முழுவதும் எரிபொருள் மேலே ஏற வேண்டிய உயரமாக மாறிவிடும். மஃப்ளரிலிருந்து வரும் அழுத்தக் குழாய் உதவி செய்யும், ஆனால் அதன் உதவிக்கும் ஒரு எல்லை உண்டு.

உள்ளே உள்ள பித்தளைக் குழாய்களை வெட்டியதும் முனையில் பிசிறு நிற்கும். அரத்தால் உள்ளும் புறமும் தேய்த்து எடுக்காமல் சிலிக்கான் குழாயை ஏற்றினால், அந்தப் பிசிறு குழாயின் உட்பக்கத்தை மெல்ல அறுக்கும். குண்டூசி முனையளவு ஓட்டை போதும். டேங்க் நிறைந்திருக்கும்வரை ஓட்டை எரிபொருளுக்குள் மூழ்கியிருப்பதால் ஒன்றும் தெரியாது. பாதி காலியானதும் அது காற்றை இழுக்கத் தொடங்கும், எஞ்சின் துடிக்கும். ‘முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம்தான் படுத்துகிறது’ என்று யாராவது சொன்னால் எங்கள் முதல் சந்தேகம் இந்த ஓட்டைதான்.

குழாயின் நுனியில் தொங்கும் குண்டு, கிளங்க், டேங்கின் பின்சுவரைத் தொடாமல் 5 மி.மீ. விட்டு எல்லாப் பக்கமும் தாராளமாக விழ வேண்டும். மூடுவதற்கு முன் டேங்கைக் கையில் பிடித்துப் புரட்டிப் பாருங்கள், கிளங்க் சுவரில் தட்டும் சத்தம் ஒவ்வொரு பக்கமும் கேட்க வேண்டும். மோசமான தரையிறக்கத்தில் இந்தக் குண்டு பாய்ந்து முன்பக்கம் மடங்கிக்கொள்ளும், திரும்பி வராது. அதன் பிறகு எஞ்சின் தரையில் ஓடும், மூக்கை நிமிர்த்தினால் அணையும். முதலில் சொன்ன அந்தக் கதைதான். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதால், மூக்குக் குத்தி விழுந்த விமானத்தில் டேங்கைக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டேங்க் மரத்தை எங்கும் தொடக்கூடாது. சுற்றிலும் 6 மி.மீ. மென்பஞ்சு வையுங்கள், ஆனால் இறுக்கித் திணிக்காதீர்கள். அதிர்வு டேங்குக்குள் போனால் எரிபொருள் நுரைக்கும். முழுத் த்ராட்டிலில் விமானத்தின் பின்னால் நின்றபடி கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். கடுகு கடுகாகக் குமிழ் ஓடினால் டேங்க் எங்கோ இடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது ஓட்டை இருக்கிறது. பொருத்துவதற்கு முன்பே டேங்கைத் தண்ணீரில் அமுக்கி, மற்றக் குழாய்களை மடித்துப் பிடித்து, ஒன்றில் ஊதிப் பார்த்தால் ஓட்டைகளைப் பற்றி இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரிலேயே பம்ப் இருப்பதால் டேங்க் எங்கே இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமில்லை. ஆனால் சிலிக்கான் குழாயும் சாதாரண ரப்பர் அடைப்பானும் பெட்ரோலில் ஊதிக் கெட்டுப்போகும். டைகான் போன்ற பெட்ரோலுக்கான குழாயும் அடைப்பானும் வாங்குங்கள். இக்னிஷன் பெட்டியையும் அதன் வயர்களையும் ரேடியோ ரிசீவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வைப்பதும், த்ராட்டிலுக்கு உலோகக் கம்பிக்குப் பதில் நைலான் கம்பி போடுவதும் கட்டாயம்.

த்ராட்டில், கவ்லிங், புரொப்பல்லர்

ஸ்டிக்கை முழுதும் தள்ளினால் கார்புரேட்டர் வாய் முழுதும் திறக்க வேண்டும், இழுத்தால் 1 மி.மீ. கீற்று மட்டும் தெரிய வேண்டும், ஸ்டிக்கின் பக்கத்திலுள்ள நுண்திருத்தமான டிரிம்மையும் கீழே இறக்கினால் முற்றிலும் மூடி எஞ்சின் அணைய வேண்டும். இரு முனையிலும் த்ராட்டிலை நகர்த்தும் சிறு மோட்டாரான சர்வோ முட்டிக்கொண்டு உறுமினால் பேட்டரி வீணாகக் கரையும்.

கவ்லிங்கில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் இரண்டு முதல் மூன்று மடங்கு பெரிதாக வேண்டும். எஞ்சின் சூட்டில் காற்று விரிகிறது. அது போக வழியில்லாவிட்டால் முன்னாலுள்ள ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தும் காற்று உள்ளே வராது.

46-க்கு 11×6 புரொப்பல்லர் வழக்கமானது, அதாவது விட்டம் 11 அங்குலம், ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம் 6 அங்குலம். 11,500 சுற்றில் அதன் கணக்கு வேகம் மணிக்கு 105 கிலோமீட்டர். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 11×5 இன்னும் நல்லது. விமானம் நிதானமாகப் போகும், த்ராட்டிலைக் குறைத்ததும் வேகம் தணியும். நடுத்துளையைப் பெரிதாக்க டிரில் வேண்டாம், துளையை நடுவிலிருந்து விலகாமல் சுரண்டி அகலமாக்கும் ரீமர் வேண்டும். டிரில்லில் துளை நடுவிலிருந்து விலகும். பிறகு சமன் பார்த்து, கனமான இதழின் தட்டைப் பக்கத்தை உப்புத்தாளால் தேயுங்கள். எஞ்சின் அமுக்கத்தில் நிற்கும்போது புரொப்பல்லர் கிடைமட்டமாக இருக்கும்படி இறுக்கினால், அணைந்து இறங்கும்போது அது உடையாமல் தப்பும் வாய்ப்பு அதிகம்.

முதல் ஓட்டம்

எரிபொருளில் எண்ணெய் 18 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும், அதில் ஒரு பங்கு ஆமணக்கு எண்ணெயாக இருப்பது நல்லது. லீனாகிச் சூடேறும் நேரத்தில் அதுதான் காப்பாற்றும். நைட்ரோமீத்தேன் 5 முதல் 15 சதவீதம். ஸ்டார்ட்டரை வைக்கும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் எரிபொருள் தேங்கியிருந்தால் சுற்று நடுவில் அடைத்து நிற்கும். அப்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி வெளியேற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிஸ்டனில் ரிங் உள்ள எஞ்சினை முதலில் ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக, புகை கக்கிக்கொண்டு ஓடவிடலாம். ரிங் இல்லாத ஏ.பி.சி. வகைக்கு அது பொருந்தாது. அதன் சிலிண்டர் மேல்முனையில் ஒடுங்கியிருக்கும், சூடேறினால்தான் விரிந்து பிஸ்டனுக்கு இடம் கொடுக்கும். குளிர்ந்தபடியே நீண்ட நேரம் ஓடினால் பிஸ்டன் தேயும். எனவே உச்ச வேகத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு நிமிடம் ஓட்டி, அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாறு முறை போதும்.

பிறகு முழுத் த்ராட்டிலில் ஊசியை மெல்ல மூடி உச்ச வேகத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 200–300 சுற்று குறையும்வரை திறந்துவிடுங்கள். ஒருவர் இறக்கையின் பின்னாலிருந்து விமானத்தைப் பிடித்து மூக்கை வானம் பார்க்க நிமிர்த்தட்டும். சத்தம் சற்றுக் கூடினால் சரி, தொய்ந்தால் இன்னும் இரண்டு கிளிக் திறக்க வேண்டும். மெதுவோட்ட ஊசியைத் தொடுவது இதற்கு அப்புறம்தான், ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் கூடாது. இவை எல்லாவற்றையும் புரொப்பல்லருக்குப் பின்னால் இருந்தபடியே செய்யுங்கள். பிளக் கிளிப்பைக் கழற்றக் கை முன்னாலிருந்து போகவே கூடாது. புரொப்பல்லர் சுழலும் தளத்துக்கு நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் மவுண்ட் போல்ட், மஃப்ளர் போல்ட், கார்புரேட்டரைப் பிடிக்கும் திருகு மூன்றையும் இறுக்கிப் பாருங்கள். கால் சுற்றாவது போகும். கார்புரேட்டர் லேசாகத் தளர்ந்து அடியில் காற்று புகுந்தாலே மெதுவோட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ஊசியால் அதைச் சரிசெய்ய முடியாது. நாலைந்து பறப்புக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். நாள் முடிவில் எரிபொருள் குழாயைப் பிடுங்கி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் வாயில் சில துளி ஆஃப்டர்-ரன் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வையுங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே மிஞ்சினால் பேரிங் துருப்பிடித்து, அடுத்த முறை சுற்றும்போது மணல் அரைபடுவது போன்ற சத்தம் கேட்கும்.